இரட்டைக் கொம்பு

அத்தானின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எவர்சில்வர் டம்ளர் என்பதால் உடையவில்லை. சமையலறைத் தரையில் உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் நின்றது. இடது கை. அதை இரவல் வாங்கி வந்த பொருளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது," என்றார். "உங்க அக்கா மாதிரி."

அக்கா சிரிக்கவில்லை. அவள் கையில் மாத்திரை அட்டை இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு வீக்க மாத்திரை என்று பெயர். ஸ்டீராய்டு. அதைப் போட்டால் மூளையின் வீக்கம் வடியும், தலைவலி போகும், அத்தான் பழையபடி எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். ஆனால் புது மருந்து ஏற்றத் தொடங்கியபோதே அதை முடிந்த மட்டும் குறைத்துவிட்டார் பெரிய டாக்டர்.

"ஒண்ணே ஒண்ணு கூடக் குடுத்துடவா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"சொன்ன அளவுதான்கா."

"நீ என்ன கல்லா? தலைவலி தாங்காம உக்காந்திருக்காருடீ."

குனிந்து, ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து டம்ளரை எடுத்தேன்.

"ஊமைக்கோட்டான்," என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. தலைக்குள் கட்டி என்று தெரிந்த அன்று, "இப்ப நானே நடுவுல மாட்டிக்கிட்டேன். மேலயும் இல்ல, கீழயும் இல்ல," என்றார். அறுவை சிகிச்சை நடந்தது. கதிர் சிகிச்சை நடந்தது. கட்டி திரும்ப வந்தது. பிறகுதான் இந்தப் புது மருந்து. அது கட்டியை நேராகத் தாக்காது. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பி அதை அனுப்பும்.

சில முறை மருந்து ஏற்றியபின் எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "வளர்ந்திருக்கு" என்று பெரிய டாக்டர் சொன்னதோடு அக்காவின் காது அடைத்துவிட்டது. அதற்குப் பின் அவர் சொன்னதுதான் முக்கியம். நான் கேட்டுக்கொண்டேன்.

உடம்பில் வேட்டைக்காரச் செல்கள் இருக்கின்றன. கெட்டதைத் தேடிப்போய்க் கொல்பவை. மூளைக்கென்று தனியாகக் காவல் செல்களும் உண்டு. மூளைக்கட்டி பொல்லாதது. அது முதலில் காவலைக் கையில் போட்டுக்கொள்ளும். அப்புறம் அந்தக் காவல்காரனே கட்டிக்குத் தீனி போடுவான்; வேட்டைக்காரன் வந்தால் வாசலிலேயே மடக்கி, களைத்துப்போக வைத்துத் திருப்பி அனுப்புவான். மற்ற இடத்துக் கட்டிகளில் வேலை செய்கிற மருந்து மூளையில் பெரும்பாலும் தோற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனால் சிலருக்கு வேட்டைக்காரர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். அவர்கள் கும்பலாக வந்து சண்டை போட்டாலும் அந்த இடம் வீங்கும். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் அக்காவுக்கு இதை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். "வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லு," என்றாள் அவள்.

அத்தான் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "தெரு முனையில இருந்து பாத்தா நம்ம வீட்டு வாசல்ல கூட்டம் தெரியுது. வந்தது திருடனோட சொந்தக்காரனா, போலீசான்னு தெரியல. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள மண்டையில் சிறு துளை போட்டு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்திருந்தார்கள். வந்தது கட்டிதான் என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் கொடுக்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. மறுநாள் காலை டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்கள். அந்தச் சதை நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் வந்திருந்தது.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். "நீதானே பாக்கப்போறே?"

"நான் சாயம்தான் ஏத்துவேன். பாக்கறது எங்க லேப் டாக்டரம்மா."

"நல்லா ஏத்து," என்றாள், ஏதோ அது என் கையில் இருப்பதைப் போல.

எங்கள் ஆய்வகம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. நீண்ட அறை. ஒரு பக்கம் சாய ஜாடிகள், மறு பக்கம் ஃபிரிட்ஜ், கடைசியில் டாக்டரம்மாவின் நுண்ணோக்கி. நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் சீவல் அண்ணன். மெழுகில் பதித்த சதையைக் காற்றில் பறக்கிற அளவுக்கு மெலிதாகச் சீவித் தருபவர். நாள் முழுவதும் சீவுவதால் அந்தப் பெயர். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

அன்று அத்தானின் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சதை ஒரு நூல் துண்டு அளவுதான் இருந்தது.

"இதைச் சீவறதுக்கு என் தலையைச் சீவலாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேம்மா. சீவிடலாம்," என்றார்.

இது என் அத்தானுடையது என்று டாக்டரம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிப்போர்ட் எழுதறது நான். நீ சாயம் மட்டும் ஏத்து. முடியலன்னா இப்பவே சொல்லு, வெளிய அனுப்பிடறேன்."

வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினால் நாளைக் கூட்டத்துக்குள் முடிவு வராது. "முடியும் மேடம்," என்றேன்.

சாதாரணச் சாயத்தில் பார்த்தபோது சிறுசிறு கருநீலப் புள்ளிகள் நிறையத் தெரிந்தன. அவை யாருடைய ஆட்கள் என்று அந்தச் சாயம் சொல்லாது. அதற்கு ஆன்டிபாடி வேண்டும். ஆன்டிபாடி என்பது ஒரே ஒரு வகைச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். அது ஒட்டிய இடம் பழுப்பாகும். மற்றதெல்லாம் நீலமாகவே இருக்கும். காவல் செல்லுக்கு ஒரு ஆன்டிபாடி, வேட்டைச் செல்லுக்கு வேறு ஒன்று.

காவலுக்கான ஸ்லைடை இயந்திரத்திடம் விட்டேன். வேட்டைக்கானதை விட மனம் வரவில்லை. போன வாரம்தான் அந்த இயந்திரம் ஒரு ஸ்லைடை நடுவில் காயவிட்டுக் கெடுத்திருந்தது. கையாலேயே செய்தேன். மேசையை இரண்டு முறை துடைத்தேன். கையுறையை மூன்று முறை மாற்றினேன். வேறு நாளாக இருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கையால் செய்யும்போது ஜோடியாக இன்னொரு ஸ்லைடும் செய்ய வேண்டும். அதே சதை, அதே சாயம், ஆன்டிபாடி மட்டும் கிடையாது. அதற்குப் பதில் வெறும் கரைசல். அது கடைசி வரை நீலமாகவே இருக்க வேண்டும். அங்கேயும் பழுப்பு வந்தால் எங்கள் வேலையில் கோளாறு என்று அர்த்தம். பரீட்சையில் வெள்ளைத் தாள் கொடுத்தால்தான் பாஸ் என்கிற மாதிரி ஒரு ஸ்லைடு. அதை யாரும் அக்கறையாகப் பார்ப்பதில்லை.

வழக்கமாக வெறும் கரைசலுக்கு நீல மூடிக் குழாய், வேட்டைக்கு மஞ்சள் மூடி. மஞ்சள் மூடி தீர்ந்துபோயிருந்தது. இரண்டையும் நீல மூடியில் ஊற்றி, மூடியின் மேல் மார்க்கரால் எழுதினேன். வெறும் கரைசலுக்கு 'வெ'. வேட்டைக்கு 'வே'. நகத்தளவு மூடி அது.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. எல்லா ஸ்லைடின் ஓரத்திலும் ஒரு டான்சில் துண்டை வைப்போம். யாருக்கோ எப்போதோ தொண்டையிலிருந்து எடுத்தது. டான்சிலில் வேட்டைச் செல்கள் எப்போதும் நிறைந்திருக்கும். அது பழுப்பானால் சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்று பொருள். "டான்சிலைப் பாக்காம ஆளைப் பாக்காதே" என்பது டாக்டரம்மாவின் வேதவாக்கு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதை மீறியதில்லை.

மதியம் இயந்திரம் மணி அடித்தது. காவல் ஸ்லைடை எடுத்து என் சிறிய நுண்ணோக்கியில் வைத்தேன். டான்சில் சரி. பிறகு அத்தான். பழுப்பு, எங்கும் பழுப்பு. கொழுத்த, கைகால் பரப்பிய காவல் செல்கள் அடுக்கடுக்காக இருந்தன. விலைபோனவர்கள். இவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். இத்தனை பேரை எதிர்பார்க்கவில்லை.

வேட்டை ஸ்லைடும் அதற்குள் தயாராகியிருந்தது. அதை வைத்தபோது என் கை ஸ்லைடை நேராக அத்தானின் பக்கம் தள்ளியது.

நீலம்.

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் நகர்த்தினேன். ஒரு பழுப்புப் புள்ளி கூட இல்லை. திருடனின் கையாட்கள் வீடு நிறைய இருந்தார்கள். போலீஸ் வரவே இல்லை.

பையில் கைபேசி அதிர்ந்தது. அக்கா. நான் எடுக்கவில்லை. எழுந்து போய்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த நாள் ஞாபகம் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் உள்ளே பார்த்து, "அங்க ஒரு ஆள் மாட்டிக்கிட்டு இருக்கு போல. வெளிய எடுக்கணுமா?" என்றார். என்னை வெளியே எடுத்தவர் அவர்தான். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது, இந்த வேலைக்கு நேர்முகத்துக்கு அழைத்து வந்து கீழே காத்திருந்தது, எல்லாம் அவர்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" டாக்டரம்மா சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான், உண்மையையே சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. ஸ்லைடில் ஒன்றும் இல்லை.

அவர் குழாயை மூடினார். ஸ்லைடுகளைத் தன் நுண்ணோக்கிக்கு எடுத்துப் போனார். நான் பின்னால் நின்றேன். அவர் ஸ்லைடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"டான்சில் பாத்தியா?"

நான் கையுறையைக் கழற்றத் தொடங்கினேன்.

"உன்னைத்தான் கேக்கறேன். பாத்தியா?"

"இல்ல மேடம்."

"வா. பாரு."

குனிந்து பார்த்தேன். டான்சிலும் நீலம். சுத்தமான, துடைத்து வைத்த நீலம்.

"டான்சில்லயே வேட்டைக்காரன் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"சாயம் ஏறல."

"அப்ப இந்த ஸ்லைடு உங்க அத்தானைப் பத்தி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"அதுக்குப் போயி மூஞ்சியை இப்படி வச்சிருக்கே." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எந்த இடத்துல விட்டே? யோசி. உன்னைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கு."

ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சூடாக்கியது, கழுவியது, ஊற்றியது, மீண்டும் கழுவியது. எதையும் விடவில்லை. கடைசியில் போய்க் காலிக் குழாய்கள் இரண்டையும் எடுத்து வந்தேன். டாக்டரம்மா அவற்றை விளக்கின் அடியில் பிடித்தார். சீவல் அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

மார்க்கரின் முனை தடித்துப்போனது எனக்குத் தெரியும். ஆனால் எழுதும்போது கவனிக்கவில்லை. இரண்டு மூடியிலும் கொம்பின் சுழியில் மை அடைத்து, ஒரே மாதிரிக் கறுப்புப் பொட்டாக இருந்தது.

"இது ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா?" என்றார் சீவல் அண்ணன்.

"தெரியல அண்ணா."

"நாலாங்கிளாஸ்ல இதுக்குத்தான் எனக்குக் காதைத் திருகினாங்க. வெட்டியை வேட்டின்னு எழுதிட்டேன்னு."

அவர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயை மெதுவாக மேசையில் வைத்தார்.

"வேட்டை ஸ்லைடுக்கு வெறுங்கரைசல் போயிருக்கு. சரி. அப்ப ஆன்டிபாடி எங்க போச்சு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தோம். அதன் ஓரத்தில் அந்த இன்னொரு ஸ்லைடு கிடந்தது. வெள்ளைத் தாள் கொடுக்க வேண்டிய ஸ்லைடு. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அதை வைத்தார். முதலில் டான்சில். "ம்," என்றார். பிறகு மெல்ல நகர்த்தினார். அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் எழுந்து, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"உக்காந்து பாரு."

பழுப்பு. ரத்தக் குழாய்களின் ஓரத்தில் வரிசையாக, அங்கிருந்து உள்ளே, இன்னும் உள்ளே. சின்னச் சின்ன உருண்டைப் பொட்டுகள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவது போல நெருக்கமாக. நடுவில் பெரிய, உடைந்த, சாயம் வெளிறிய செல்கள் கிடந்தன. சண்டை நடந்த இடம்.

"நல்ல கூட்டம்," என்றார் டாக்டரம்மா. "கட்டி செல் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். விலைபோன காவலும் இருக்கு, பாத்தே. ஆனா வீக்கத்துக்குக் காரணம் முக்கால்வாசி இவங்கதான். நம்மாளுங்க."

எனக்குக் கண்ணில் எதுவும் தெரியாமல் போனது. லென்ஸில் ஈரம்.

"ஏய், லென்ஸு!" என்றார். சீவல் அண்ணன் மெல்லிய காகிதத்தை எடுத்து நீட்டினார். லென்ஸுக்கா எனக்கா என்று சொல்லவில்லை.

"ஆனா இதை வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "ஆள் மாறாட்டம் பண்ணின ஸ்லைடு சாட்சி சொல்ல முடியாது. திரும்பச் செய். இயந்திரத்துல."

"நான் செய்யலாமா மேடம்?"

"பட்டனை அமுக்கலாம். தெரியாத ஆளுங்களோடதுன்னா நீ தப்பே பண்ண மாட்டே. சொந்தக்காரங்களோடதுன்னா உனக்குக் கை நாலா முளைச்சிடுது."

மெழுகுக் கட்டியில் சதை ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. சீவல் அண்ணன் அதைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரவிட்டு, கத்தியை மாற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு சீவினார். முதல் சீவல் சுருண்டுபோனது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது நாடா போல நீண்டு தண்ணீரில் மிதந்தது. அதை ஸ்லைடில் ஏந்தி எடுத்தபின்தான் அவர் மூச்சு விட்டார்.

"சொன்னேன்ல? மொட்டையையும் சீவுவேன்."

மாலையில் இயந்திரம் மீண்டும் மணி அடித்தது. நான் டான்சிலைத்தான் முதலில் பார்த்தேன். பழுப்பு. பிறகு அத்தான். அதே கூட்டம். டாக்டரம்மா பார்த்து, ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே பெரிய டாக்டருக்கு அனுப்பினார்.

கைபேசியில் அக்காவின் அழைப்புகள் குவிந்திருந்தன. முடிவைப் பெரிய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது விதி. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவளை அழைத்தேன்.

"என்னடீ, ஃபோனை எடுக்க மாட்டியா? பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"வேலை இருந்துச்சுக்கா."

"சரி, சொல்லு."

"நாளைக்கு டாக்டர் சொல்லுவாரு."

"நீ சொல்லேன்."

"அக்கா, அந்த வீக்க மாத்திரையை மட்டும் சொன்ன அளவுக்கு மேல குடுத்துடாதே," என்றேன்.

"ஏன்?"

"வேட்டைக்காரன் தூங்கிடுவான்."

அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள். "அப்ப, வந்திருக்கானா?"

நான் பேசவில்லை. ஆனால் என் மௌனத்தில் பல வகை உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். என்னை வளர்த்தவள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, "இந்த ஊமைக்கோட்டான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலீங்க!" என்று அத்தானிடம் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது.

மறுநாள் பெரிய டாக்டர் அதைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னார். முழுக்க ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது; நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த மருந்தை இன்றே ஏற்றிவிடலாம். தலைவலிக்கு மாத்திரையைக் குறைந்த அளவிலேயே வைத்துச் சமாளிக்கலாம். கையின் பலம் வீக்கம் குறையக் குறையத் திரும்பலாம். அக்கா இந்த முறை கடைசி வார்த்தை வரை கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

மருந்து ஏற்றும் வார்டு மேல் மாடியில். லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அத்தானிடம் கொம்புக் கதையைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு நீளமாகப் பேசி வழக்கமில்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, தலை வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"அடிப்பாவி! ஒத்தைக் கொம்புல என்னைக் கொன்னுட்டு, ரெட்டைக் கொம்புல எழுப்பி விட்டியா?" தலையில் துளை போட்ட இடத்துத் துணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணு இங்க முளைச்சிருக்கு. இன்னொண்ணு எங்க?"

"உங்களுக்குப் பிறக்கும்போதே ரெண்டு முளைச்சிடுச்சு," என்றாள் அக்கா.

லிஃப்ட் வந்தது. கதவு மூடும்போது ஒருமுறை தயங்கியது. அத்தான் உடனே காதைக் கதவில் வைத்தார். "ரோலர் தேஞ்சிருக்கு. மாத்தணும். யாரு பாக்கறாங்க இதை?" பல வாரங்களுக்குப் பிறகு அவர் வேலையைப் பற்றிப் பேசினார்.

பட்டனை நான் அழுத்தப் போனேன். "இரு," என்று தடுத்தார். இடது கையைத் தூக்கினார். விரல் நடுங்கிக்கொண்டே போய் முதலில் இரண்டாம் மாடியில் இடித்தது. அப்புறம் நான்கில். அப்புறம்தான் சரியான மாடியில். மூன்று விளக்குகளும் எரிந்தன.

லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்று யாருமில்லாத வராந்தாவுக்குக் கதவைத் திறந்து காட்டியது.

"இப்படி எல்லா மாடியிலயும் நின்னா எப்ப போயிச் சேர்றது?" என்றாள் அக்கா.

"நின்னு நின்னு போகட்டும். மேலதானே போறேன்."

"வாயைக் கழுவுங்க!" என்று அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். நான்காம் மாடியிலும் கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. கதவு தயங்கித் தயங்கி மூடியது.